இடக்கை மணமும் புதுக்கோட்டை ராணியும்

ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர்களைக் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அழைத்துக்கொண்டு போவது, மும்பையின் விக்ரோலியில் குடியிருக்கும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ஸ்லோ வண்டியில் ஏறி, காட்கோபர், குர்லா, சயான், தாதர் என்று நின்று நின்று சி.எஸ்.எம்.டி. போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கடற்கரைக்கு வந்து, மஞ்சள் கல்லால் எழும்பி நிற்கும் அந்த வளைவின் எதிரே படம் எடுத்துக்கொண்டு, எலிபெண்டாவுக்குப் போகும் படகுகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில், வளைவின் நெற்றியில் பொறித்திருக்கும் ஆங்கில வாசகத்தை நின்று வாசிக்கிறவர்கள் மிகச் சிலரே. 1911-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியும் மேரி மகாராணியும் இந்திய மண்ணில் வந்து இறங்கியதன் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது என்பதே அந்த வாசகத்தின் சாரம்.

சென்ற நவராத்திரிக்குச் சில தினங்களுக்கு முன்பு எங்களுடன் கேட்வேக்கு வந்தவர் பக்கத்து வீட்டு நண்பரின் தாயார். திருமயத்துக்கு அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். எண்பது வயதைக் கடந்தவர். அவருடைய பேரப்பிள்ளைகள் அழைக்கிறபடியே நாங்களும் அவரை அப்பத்தா என்றுதான் அழைக்கிறோம். வாசகத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தபோது, மேரி என்ற பெயர் காதில் விழுந்ததும் அப்பத்தா சட்டென்று என் கையைப் பிடித்து, "ஏந்தம்பி, இந்த மேரிதான் எங்க ராசா கட்டிக்கிட்டு வந்த வெள்ளக்காரியா?" என்று கேட்டார். "இல்லை அப்பத்தா, இவர் வேறு மேரி, சக்கரவர்த்தியின் மனைவி" என்றேன். அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பேரும் வெள்ளக்கார ராணிங்கதானே? அந்தப் பொண்ணு மட்டும் ஏன் எங்க ஊருல இருக்க முடியாமப் போச்சு? எங்க மாமியா சொல்லிச் சொல்லி வருத்தப்படுவா" என்றார்.

அன்றிரவு வீடு திரும்பியதும் அவர் தம்முடைய சுருக்குப் பையை அவிழ்த்து, உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்துக் காட்டினார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான செப்புக் காசு. பல கைகள் பட்டுத் தேய்ந்து, ஓரம் மழுங்கிப்போயிருந்தது. ஒரு பக்கத்தில் அமர்ந்த கோலத்தில் அம்பாளின் உருவம். மறு பக்கத்தில் 'விஜய' என்று தெலுங்கு எழுத்து. அதுதான் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு. ஓர் அணாவுக்கு இருபது காசு என்ற கணக்கில் வழங்கிவந்த அந்த நாணயத்தை, நவராத்திரி நாட்களில் ஏழை எளியவர்களுக்கு அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுப்பது அந்த ராஜ்யத்தின் வழக்கம். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளே ராஜ்யத்துக்கு உடைமைக்காரி என்றும், தாங்கள் அவளுடைய தாசர்கள் என்றும் சொல்லி ஆண்டவர்கள் தொண்டைமான் மன்னர்கள். அந்தக் காசைக் கையில் வாங்கிய நிமிஷத்திலிருந்து அப்பத்தாவின் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமானால் புதுக்கோட்டையிலிருந்து அல்ல, முந்நூற்றைம்பது வருஷங்களுக்கு முந்திய ஜெர்மனியிலிருந்து தொடங்க வேண்டும்.

அக்காலத்து ஜெர்மனி ஒரே தேசமாக இருக்கவில்லை. ரோமானியச் சக்கரவர்த்தி என்ற பட்டம் தரித்த ஒருவருக்கு அடங்கியும் அடங்காமலும் நூற்றுக்கணக்கான சிற்றரசர்கள் தத்தம் பிரதேசங்களை ஆண்டுவந்தார்கள். அவர்களுக்குள் ஒரு கடுமையான நியதி உண்டு. ஆளும் வம்சத்தில் பிறந்தவன் ஆளும் வம்சத்துப் பெண்ணையே விவாகம் செய்துகொள்ள வேண்டும். அதற்குக் குறைந்த குலத்தில் பிறந்தவள், அவள் பிரபுவின் மகளாகவே இருந்தாலும், மனைவியாகலாமே தவிர ராணியாக முடியாது. அவள் வயிற்றில் பிறந்த குழந்தைகளுக்குத் தகப்பனின் பட்டமும் இல்லை, ராஜ்யமும் இல்லை. இத்தகைய விவாகத்தில் மணமகன் வலக்கைக்குப் பதிலாக இடக்கையை நீட்டி மணமகளின் கையைப் பற்றுவது வழக்கமாதலால் இதற்கு 'இடக்கை மணம்' என்றே பெயர் வந்தது. சட்ட நூல்களில் மார்கனாடிக் விவாகம் என்பார்கள். நமக்கும் இது முற்றிலும் அந்நியமான விஷயம் அன்று. தஞ்சை மராத்திய அரண்மனையில் மன்னருக்குப் பதிலாக அவருடைய கத்தியை வைத்துச் செய்த கத்திக் கல்யாணத்தையும், அப்படி வந்த மனைவியரின் பிள்ளைகளுக்கு வாரிசு உரிமை உண்டா என்று நீதிமன்றம் வரையில் போன வழக்குகளையும் அறிந்தவர்களுக்கு இந்த இடக்கையின் பொருள் எளிதில் விளங்கும்.

அந்த நியதிக்கு உட்பட்டுப் பிறகு அதைத் தாண்டியும் வந்த ஒரு பெண்மணியின் பெயர் எலியோனோர். பிரான்சின் மேற்குப் பகுதியில் ஒல்ப்ரூஸ் என்ற சிறு கோட்டைக்கு உரிய, செல்வம் அதிகமில்லாத புரோட்டஸ்டண்டுப் பிரபு குடும்பத்தில் 1639-ம் ஆண்டு பிறந்தவர். ஓர் இளவரசியின் தோழியாக ஜெர்மனிக்குப் போன இடத்தில் லூனபர்க் வம்சத்து ஜார்ஜ் வில்ஹெல்ம் அவரைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். ஆனால் ஜார்ஜ் வில்ஹெல்முக்கு ஒரு விலங்கு இருந்தது. தமக்கு நிச்சயித்திருந்த சோஃபியா என்னும் இளவரசியை 1658-ல் தம் தம்பிக்கே விட்டுக்கொடுத்து, தாம் ஆயுள் பரியந்தம் விவாகமே செய்துகொள்வதில்லை என்றும், தம் ராஜ்யம் தம்பியின் சந்ததிக்கே சேரும் என்றும் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆகவே 1665-ல் எலியோனோருடன் அவர் தொடங்கிய இல்வாழ்க்கை, ஒரு பத்திரத்தில் கண்ட வாக்குறுதியாக மட்டுமே இருந்தது. அந்தப் பெண்மணிக்குக் கிடைத்த பட்டம் ஹார்பர்க் சீமாட்டி என்பது. அடுத்த வருஷம் பிறந்த மகள் சோஃபியா டொரோதியாவுக்கு அந்தஸ்து என்று ஒன்றுமே இல்லை.

தம்பியின் மனைவி சோஃபியாவுக்கு எலியோனோரின் பிறப்பின் மேல் தீராத இளக்காரம் இருந்தது. கடிதம் கடிதமாக அதை அவர் கொட்டியிருக்கிறார். எலியோனோரோ சண்டைக்கு நிற்காமல் பத்து வருஷ காலம் பொறுமையாகக் குடும்பம் நடத்தினார். பிரான்சுக்கு எதிரான யுத்தத்தில் சக்கரவர்த்திக்கு லூனபர்க்கின் படைகள் வேண்டியிருந்த காலம் அது. படை அனுப்புகிற அரசரின் சொல்லுக்கு எப்போதுமே ஒரு கனம் உண்டு. 1674-ல் எலியோனோர் சக்கரவர்த்தியின் கையொப்பத்தோடு வில்ஹெல்ம்ஸ்பர்க் கோமகள் ஆனார். 1676-ல் ஊரறிய முறையான விவாகம் நடந்தது. மகளும் முறையான சந்ததியாக அங்கீகரிக்கப்பட்டாள். பின்னர், பிரெஞ்சு மன்னன் புரோட்டஸ்டண்டு மதத்தாரைத் துரத்தியபோது, அடைக்கலம் தேடி ஓடி வந்த தம் தேசத்தார் பலருக்கு, செல் நகரில் இருந்த தம் கணவரின் ராஜதானியில் வாழ வழி செய்து கொடுத்தவர் இந்த அம்மையார்தான்.

அவருடைய மகளின் கதை துக்ககரமானது. 1682-ல் அதே சோஃபியாவின் மூத்த மகனுக்கு, அதாவது சித்தப்பாவின் பிள்ளைக்கே, சொத்தும் ராஜ்யமும் ஒன்று சேர வேண்டும் என்ற கணக்கில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கணவர்தான் பிற்பாடு இங்கிலாந்தின் முதலாம் ஜார்ஜ் மன்னரானவர். வேறொருவரை நேசித்தாள் என்று 1694-ல் விவாகரத்துச் செய்து, ஆல்டன் என்ற ஊரில் ஒரு மாளிகையில் அவளைக் காவலில் வைத்தார்கள். பெற்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமலே முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்து 1726-ல் அவள் உயிர் நீத்தாள். மகளின் விடுதலைக்காகக் கடைசிவரை மன்றாடிய எலியோனோர் அதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்பே கண் மூடிவிட்டார். ஆனால் அந்த மகளின் மகன் இரண்டாம் ஜார்ஜ் என்ற பெயரில் இங்கிலாந்தின் அரியணை ஏறினார். அவர் வழியில் மூன்றாம் ஜார்ஜும், விக்டோரியா மகாராணியும், ஏழாம் எட்வர்டும், அப்பத்தாவும் நானும் பெயர் வாசித்த ஐந்தாம் ஜார்ஜும் வந்தார்கள். இங்கிலாந்தின் ராஜ வம்சத்துக்கு, ராணியாகத் தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண்மணியே பாட்டி.

மேரி மகாராணியின் பக்கமோ இன்னும் நெருக்கமானது. வுர்ட்டம்பர்க் ராஜ குடும்பத்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் என்ற கோமகன் 1835-ல் கிளாடின் ரெடேய் என்ற ஹங்கேரியப் பிரபு வீட்டுப் பெண்ணை மணந்தார். அது அசல் இடக்கை மணம். ஆகவே அந்தப் பெண்மணிக்கும் குழந்தைகளுக்கும் ஹோஹன்ஸ்டைன் என்று ஒரு தனிப் பெயரை ஒதுக்கினார்கள். வுர்ட்டம்பர்க் சிம்மாசனத்தின் அருகே அவர்கள் போக முடியாது. 1841-ல், முப்பது வயது நிறையுமுன்னே, கிளாடின் இறந்துவிட்டார். அவருடைய மகன் பிரான்சிஸ் பிற்காலத்தில் டெக் கோமகன் ஆனார். அவருடைய மகளே மேரி. அசல் ராஜரத்தம் இல்லை என்று ஜெர்மன் அரண்மனைகள் அந்தக் குடும்பத்தை இளப்பமாக நினைத்த காலத்தில், விக்டோரியா மகாராணி அதை ஒரு பொருட்டாக எண்ணாமல் மேரியைத் தம் பேரனுக்குத் தேர்ந்தெடுத்தார். மேரியின் நீண்ட ஞானஸ்நானப் பெயரில் கிளாடின் என்பதும் ஒன்று. கண்ணால் பார்த்திராத அந்தப் பாட்டிக்கு அவருடைய சொந்த ஊர்க் கோயிலில் மேரி ஒரு நினைவுக் கல்வெட்டும் வைத்தார்.

இவ்வளவையும் மனத்தில் இருத்திக்கொண்டு புதுக்கோட்டைக்கு வருவோம்.

சென்னை ராஜதானியின் தமிழ் ஜில்லாக்களுக்கு நடுவே, திருச்சிக்கும் தஞ்சைக்கும் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் இடைப்பட்டு, ஏறக்குறைய 1,180 சதுர மைல் பரப்பில் இருந்த ஒரே சுதேச சமஸ்தானம் புதுக்கோட்டை. மன்னருக்குப் பதினொரு குண்டு மரியாதை. 1875-ல் பிறந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், தம் தாய்வழிப் பாட்டனார் ராமச்சந்திரத் தொண்டைமானால் சுவீகாரம் எடுக்கப்பட்டு, 1886-ல் பதினொன்று நிரம்பாத பாலகனாகப் பட்டத்துக்கு வந்தார். திவான் சேஷய்ய சாஸ்திரியார் ராஜ்யத்தை நடத்த, கிராஸ்லி என்ற ஆங்கிலேய ஆசிரியர் பிள்ளையை வளர்த்தார். ஆங்கிலம் பேசவும், ஆங்கில உடை தரிக்கவும், டென்னிஸ் ஆடவும், குதிரைப் பந்தயத்தில் மோகம் கொள்ளவும் அந்தச் சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்களே. 1894-ல் முழு அதிகாரம் கைக்கு வந்த பிறகு அவர் அடிக்கடி ஐரோப்பாவுக்குக் கப்பலேறியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலேய நண்பர்களிடையே ஆங்கிலேயனாகவே வாழப் பழக்கிவிட்டு, ஆங்கிலேயர் இனத்துப் பெண்ணை மணக்கிற அன்று மட்டும் அவர் வேறு ஜாதி என்று ஞாபகப்படுத்தியது எவ்வகையிலும் நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பெண்ணின் பெயர் எஸ்மி மேரி ஃபிங்க், எல்லோருக்கும் மாலி. அப்பத்தாவின் காதில் மேரி என்ற பெயர் தங்கியிருந்ததில் தவறு ஏதும் இல்லை. 1894-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒரு பாரிஸ்டரின் மகளாகப் பிறந்தவர். பெரியப்பா சித்தப்பாமார்களில் அரசியல்வாதியும் உண்டு, நில வியாபாரத்தில் கோடியைக் கண்டு பிறகு நொடித்துப்போனவரும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்த மன்னர் 1915-ம் ஆண்டில் மாலியைச் சந்தித்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 10-ம் தேதி மெல்பர்ன் பதிவு அலுவலகத்தில் விவாகம் நடந்தது. மன்னருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது, மணமகளுக்கு இருபது. ஐரோப்பிய யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷத்திலும் பத்திரிகைகள் இந்தச் செய்தியை விடவில்லை.

இந்திய மன்னர் ஒருவர் வெள்ளைக்காரப் பெண்ணை மணப்பது அது முதல் தடவை அன்று. பாட்டியாலாவில் 1893-லும், கபுர்தலாவில் 1908-லும் அது நடந்திருந்தது; கபுர்தலா மன்னர் மணந்த அனிதா டெல்காடோ ஸ்பெயின் தேசத்து நடன மாது. ஆங்கில அரசாங்கம் இத்தகைய விவாகங்களை அடியோடு வெறுத்தது. அதற்குக் காரணம் ஒழுக்கமும் அன்று, ஹிந்து தர்மத்தின் மேல் எழுந்த அக்கறையும் அன்று. ஆளுகிற இனத்துப் பெண் ஆளப்படுகிற இனத்து ஆணுக்கு மனைவியானால், ஆளுகிறவர்கள் வேறு பிறவி என்ற எண்ணம் உடைந்துபோகும். அவள் வயிற்றுப் பிள்ளை சிம்மாசனத்தில் உட்கார்ந்தால், அவனைச் சுதேசி என்று நடத்துவதா ஐரோப்பியன் என்று நடத்துவதா என்ற குழப்பம் எழும். புதுக்கோட்டையிலோ மன்னருக்கு வேறு பிள்ளை இல்லை. ஆகையால் மாலியின் பிள்ளை அடுத்த தொண்டைமான் ஆகிவிடக் கூடும் என்ற பயம் நிஜமாகவே இருந்தது.

1915-ம் ஆண்டு முடிவதற்குள் தம்பதிகள் புதுக்கோட்டை வந்து சேர்ந்தார்கள். மக்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். அந்தச் சீமையில் வானத்தையும் ஏரியையும் நம்பி வாழ்ந்த குடியானவர்களுக்கு, ராஜா கைப்பிடித்தவள் ராணி, அவ்வளவுதான். அரண்மனைக்கு உள்ளேயும் சென்னையில் உள்ள கோட்டையிலும் விஷயம் வேறாக இருந்தது. வேறு மதத்தில், வேறு இனத்தில் பிறந்தவளின் பிள்ளை தொண்டைமான் வம்சத்துக்கு உரியவனாவதா என்று உறவின் முறையார் குமுறினார்கள். கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் அரசாங்கம் மாலியை ராணி என்று அங்கீகரிக்க மறுத்தது. லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியும் மறுத்தார். அரசாங்க விருந்துகளில் இடமில்லை, உரிய விருதுப்பெயர் இல்லை, மற்ற ஆங்கிலேயப் பெண்மணிகள் எட்டிப் பார்ப்பதுமில்லை. இருபத்தொரு வயதுப் பெண், பிறந்த ஊரை விட்டு ஆறாயிரம் மைல் வந்து, இப்படி இரண்டு பக்கமும் கதவடைபட்டு நின்ற தனிமையை எண்ணிப் பார்க்கிறபோது நெஞ்சு கனக்கிறது.

அந்நிலையில் அவர் கர்ப்பமானார். அப்போது அவருக்கு அரளி விஷம் கொடுக்கப்பட்டது என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அரளியைப் பற்றி நம் கிராமத்துப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோயில் வாசலில் பூவாகவும் வீட்டுக் கொல்லையில் எமனாகவும் நிற்கிற செடி அது. உயிர் தப்பியதே பெரிது. 1916-ல் தம்பதிகள் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். மாலி புதுக்கோட்டை மண்ணில் இருந்தது சில மாதங்களே. மறுபடியும் அவர் அங்கே வந்து வாழவில்லை. அந்த வருஷம் ஜூலையில் சிட்னி நகரில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த ஊரின் பெயரையும் தகப்பனாரின் பெயரையும் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டார்கள்.

பிள்ளையின் வாரிசு உரிமைக்காக மன்னர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார், ஒன்றும் பலிக்கவில்லை. மனைவியையும் மகனையும் விலக்கிவிட்டுச் சிம்மாசனத்துக்குத் திரும்பியிருந்தால் சர்க்கார் அவரை மகிழ்ச்சியோடு ஏற்றிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. சில வருஷங்கள் ஆஸ்திரேலியாவில் குதிரைப் பந்தயங்களில் கழித்துவிட்டு ஐரோப்பாவுக்குப் போய், பிரான்சின் தெற்குக் கடற்கரையில் கான் நகரில் குடியமர்ந்தார். 1922 முதல் அவருடைய சகோதரர் ரகுநாதப் பல்லவராயர் ரீஜண்டாக இருந்து ராஜ்யத்தைப் பரிபாலித்தார். மாலியின் நிமித்தம் மன்னர் செய்த தியாகத்தை மெச்சுகிற நான், அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லாமலிருக்க முடியாது. அம்பாளின் தாசர் என்று பட்டம் தரித்தவர், சீமையின் வரிப்பணத்தில் வந்த வருவாயைக் கொண்டு கடல் கடந்த நாட்டில் வாழ்ந்தார். சுமார் நாலு லட்சம் குடிகள் தங்கள் மன்னரின் முகத்தைப் பார்க்காமல் வருஷங்களைக் கழித்தார்கள். அந்தக் குற்றத்தில் சர்க்காருக்குப் பெரும் பங்கு இருந்தாலும், மன்னருக்கும் ஒரு பங்கு உண்டு. மாலிக்கு அதில் பங்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

1928-ம் ஆண்டு மே மாதம் 28-ம் தேதி பாரிஸில் மன்னர் காலமானார். வயது ஐம்பத்திரண்டு. உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்து முன்னோர்களின் மண்ணில் தகனம் செய்ய ஆங்கில அரசாங்கம் இடங்கொடுக்கவில்லை. லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் தகன நிலையத்தில் காரியம் முடிந்தது. பன்னிரண்டு வயதுச் சிட்னியை ஒதுக்கி, தொண்டைமான் குடும்பத்திலிருந்து ஆறு வயதுக் குழந்தையான ராஜகோபாலத் தொண்டைமானைத் தேர்ந்தெடுத்து அவ்வாண்டே பட்டம் கட்டினார்கள். அவர்தான் 1948-ம் ஆண்டு மார்ச் 3-ம் தேதி சமஸ்தானத்தை இந்திய யூனியனோடு இணைத்து, பிறகு அரண்மனையையே மாவட்ட ஆட்சி அலுவலகத்துக்காக விட்டுக்கொடுத்த உத்தமர்.

எலியோனோரின் கணவரிடம் சக்கரவர்த்திக்குத் தேவையான படைகள் இருந்தன. கிளாடினின் பேத்திக்கு விக்டோரியா மகாராணியின் தயவு இருந்தது. மாலியின் கணவரிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை; பதினொரு குண்டு மரியாதையும் அவர்கள் கொடுத்ததுதான். குலம், இரத்தம், தகுதி என்று சொன்னதெல்லாம் வெறும் வார்த்தை. பிறப்பில் குறைந்த பாட்டியின் பேத்தியைப் பக்கத்தில் பட்டமகிஷியாக அமர்த்திக்கொண்டிருந்த சக்கரவர்த்தியே, பாரிஸ்டரின் மகளுக்கு அந்தப் பெயரை மறுத்தார். 1936-ல் அவருடைய மூத்த மகன் எட்டாம் எட்வர்டு ஒரு பெண்ணுக்காக முடியைத் துறந்தபோது, அந்தப் பெண்ணை இடக்கை மணமாகவாவது ஏற்கலாமா என்ற யோசனையை இங்கிலாந்தின் மந்திரி சபை நிராகரித்தது. அச்செய்தியைப் பத்திரிகையில் படித்தவர்களுள் மாலியைப் போல அதன் முழு அர்த்தத்தை உணர்ந்தவர் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது அப்பத்தா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவ குலத்துல ஒண்ணும் கொறையில்ல, எங்க ராசாவுக்குத்தான் பலமில்ல" என்று சொல்லிவிட்டு, அம்மன் காசைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

கணவர் இறந்தபோது மாலிக்கு வயது முப்பத்து மூன்று. அதன் பிறகு முப்பத்தொன்பது வருஷம் உயிர் வாழ்ந்து, 1967-ம் ஆண்டு நவம்பரில் கான் நகரில் அவர் காலமானார். எலியோனோரின் உடல் செல் நகரத்துத் தேவாலயத்தில், லூனபர்க் மன்னர்களின் கல்லறையில், கணவரோடு இருக்கிறது. மாலியின் அஸ்தி புதுக்கோட்டைக்கு வரவில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அஸ்திக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.